தண்ணீருக்கு வந்த மாடு

கூக்கால் ஏரிக்கரையில் குந்தி உட்கார்ந்து, நாய் பட்டாணியின் காதில் ஒட்டிய புல்விதைகளை ராஜமுருகன் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். அவன் நிதானமாகச் செய்கிற கடைசி வேலை அதுதான். பூண்டுக்காட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி. “எந்தலையில ஒருநாளு பேன் பாத்திருப்பீங்களா மாமா?” என்கிறாள் மனைவி தாரணி. “பட்டாணி மாதிரி கடிக்காம இருந்தாப் பாக்குறேன்” என்று சிரித்தபடி எழுகிறான். கோடையில் ஏரி நடுவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. வெடித்த சேற்றின் மேல் சாய்வெயில் செம்பு நிறத்தில் படிந்திருக்கிறது. தண்ணீரோரம் ஒரு காட்டுமாடு குனிந்து குடிக்கிறது. தினமும் பார்க்கிற மாடுதான். வேலியோரம் நின்றால், “தள்ளிக்க சாமி” என்று சொல்லிவிட்டுக் கடந்து போவார்கள். அதனால் இருவரும் நடையை நிறுத்தவில்லை. நாய்தான் குரைத்துக்கொண்டு சரிவில் பாய்கிறது. மாடு தலை தூக்குகிறது. மூக்கிலிருந்து நீர் ஒழுக, கொம்பைத் தாழ்த்துகிறது. நாயைக் குத்திவிடுமே என்று ராஜமுருகன் பதறிக் கத்துகிறான்: “ஏலே பட்டாணி, வந்துருலே! வெரசா வா!” நாய் திரும்பி நேராக அவனிடமே ஓடி வருகிறது. அதன் பின்னாலேயே மாடும் வருகிறது. காய்ந்த சேறு அப்பளம்போல நொறுங்குகிறது. “கூப்பிடாதீங்க மாமா!” என்று தாரணி அலறுவதற்குள், நாய் அவன் கால்களுக்கிடையே புகுந்து பின்பக்கம் போய்விட்டது. மாட்டுக்கு எதிரில் அவன் மட்டும் இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறான். ராஜமுருகனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போதும் யார் கூப்பிட்டாலும் பட்டாணி முதல் குரலுக்கே ஓடி வருகிறது.