கொடுத்தாலும் குறையாத வளையம்

தையல்காரர் ஞானமணியின் வயிற்றில் ஒரு சாதுவான கிருமி குடியிருந்தது. அந்த வயிறுதான் அதற்கு வீடு. அதனிடம் ஒரு வளையம் இருந்தது. யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று அதற்கு நினைவில்லை. முன்பொரு சமயம் மாத்திரை கரைந்து இறங்கியபோது அக்கம்பக்கமெல்லாம் செத்துப்போக, வளையம் மாட்டியிருந்த இது மட்டும் பிழைத்தது. ஏன் என்றும் விளங்கவில்லை.

ஒருநாள் சட்னியோடு புதுக் கிருமி ஒன்று வந்து இறங்கியது.

“அது என்னண்ணே, அந்த வளையம்?”

“தெரியலப்பா. வேணும்னா நீயும் ஒண்ணு வச்சுக்க. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் என்னோடது என்கிட்டயே இருக்கு. அதுவும் எனக்குப் புரியல.”

புதுக் கிருமி வாங்கி மாட்டிக்கொண்டு, வீட்டுச் சுவரை அரிக்கத் தொடங்கியது. வீடு கொதித்தது. மறுபடி மாத்திரை இறங்கியது. விடாமல் இறங்கியது. இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தீங்களாண்ணே, நம்மள அசைக்க முடியல.”

சாதுக் கிருமி சுவரைத் தொட்டுப் பார்த்தது. சில்லென்றிருந்தது.

“எனக்கு ஒண்ணும் புரியலப்பா,” என்றது. “இந்நேரத்துக்குச் சோறு வந்திருக்கணுமே.”