இன்னொரு ஆணி

மேலே கிடந்தவை எல்லாம் பச்சைச் சிப்பி.

கூடைக்குள் கையை விட்டு அடியில் இருந்ததை அள்ளினாள். அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது.

தவிட்டு நிறம்.

ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். குட்டையான, தடித்த ஓடு. விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது. பாறையைப் பற்றிக்கொள்ளும் அதன் நாரைப் பிடித்து இழுத்தாள். லேசில் வரவில்லை. துறைமுகச் சுவரில் வளர்கிற சிப்பியின் நார் தொட்டாலே கையோடு வரும், கூடவே சேறும் வரும். இதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

ஓயாமல் அலை அறைகிற இடத்தில் வளர்ந்ததுதான் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கரையில் அப்படி ஒரே ஓர் இடம்தான் உண்டு.

வெளிப்பாறை.

"துறைமுகச் சுவருலயாக்கும் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் கிளீட்டஸ் படுக்கப் போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன். பத்து வயதிலிருந்து சிப்பி அவித்து விற்கிறவளிடமா இந்த வித்தை?

எழுந்தாள். வாசல்வரை போனாள். அங்கே நிற்கவும் முடியவில்லை, திரும்பி வந்தாள். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. இறக்கிவைக்கத் தோன்றவில்லை. மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

போன தவக்காலத்தில் அவள் அண்ணன் பெனடிக்ட் வெளிப்பாறையில் சிப்பிக்கு முங்கப் போனான். மூன்றாம் நாள் பாறை இடுக்கிலிருந்து எடுத்து வந்தார்கள். அன்றைக்குத்தான் கிளீட்டஸ் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான், இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று.

பிள்ளையின் தலை. அதைக்கூட நினைக்கவில்லையே, பாவி.

பயம். அதைவிடக் கோபம்.

உள்ளே போனாள். அவன் குப்புறக் கிடந்தான். தலைமுடியில் இன்னும் ஈரம். முங்கும்போது போடுகிற கண்ணாடி ஜன்னல் கம்பியில் தொங்கியது. நாளைக்கும் போவான். கேட்டால் சிரிப்பான். அழுதால் இன்னொரு சத்தியம் செய்வான், அவனுக்கென்ன.

சுவரில் அண்ணன் படம். மாலை காய்ந்து போயிருந்தது.

தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். திருகாணி, ஊக்கு, பழைய சாவி. நீளமாக ஓர் ஆணி கிடைத்தது. சிப்பி பெயர்க்கிற அவனுடைய உளியை எடுத்து, அதன் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தாள். காரை உதிர்ந்தது. இன்னும் அடித்தாள்.

கிளீட்டஸ் பதறி எழுந்தான்.

"என்னத்துக்குட்டி இப்பம் ஆணி அடிக்க?"

அவள் அவன் கையை விரித்து அந்தத் தவிட்டுச் சிப்பியை வைத்தாள். உளியைப் பாயில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவன் சிப்பியைப் பார்த்தான்.

பிறகு சுவரைப் பார்த்தான். மச்சினன் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், ஆணி மட்டும் இருந்தது.