பதினொரு மணிக்குள் ஒரு நோக்கம்

"கட்டடம் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, ஃபீஸ்கூட முடிவு பண்ணியாச்சு. நோக்கம்தான் இல்லையேம்மா" என்றார் துறைத்தலைவர், மேஜைக்கு அடியில் எங்கோ தொலைத்துவிட்டவர் போல.

டேட்டா அனலிடிக்ஸ் முதுகலைப் படிப்புக்கு அனுமதி தர மூன்று நிபுணர்கள் பதினொரு மணிக்கு வருகிறார்கள். விண்ணப்பத்தில் 'இப்படிப்பின் நோக்கம்' என்ற தலைப்புக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைத்த கதை.

"நீயே ஏதாவது அடிச்சுக் குடு. அனுமதி கிடைக்கலைன்னா கோர்ஸும் இல்லை, உன் வேலையும் இல்லை."

அலுவலக எழுத்தர் உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். போன வருடம் அவள் வேலை பார்த்த கோர்ஸை இழுத்து மூடியபோது நாலு மாதம் வீட்டில் இருந்தாள். மாமியார் காபி டம்ளர் வைக்கிற சத்தமே மாறிப்போனது. இன்னொரு முறை அதைக் கேட்கத் தெம்பில்லை.

பத்தே நிமிடத்தில் பக்கத்தை நீட்டினாள். துறைத்தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படிப்பதெல்லாம் மாணவர்கள் வேலை.

நிபுணர்கள் வந்தார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள். மூத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"தரவுகளை நாள்படாமல் சேகரித்து, அழுக்கு நீக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரித்து, உடையாமல் உரியவர் கையில் சேர்க்கும் வல்லுநர்களை உருவாக்குவதே இப்படிப்பின் நோக்கம்."

எழுத்தர் கதவோரம் காலி பிஸ்கட் தட்டோடு நின்றாள்.

"நாள்படாமல்! ரியல் டைம் டேட்டாவை இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்லை" என்றார் இரண்டாமவர்.

"வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்க்கிறதுன்னா வெளிப்படைத்தன்மை" என்றார் மூன்றாமவர், யாரும் கேட்காமலே.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். டேட்டா உடையும்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் உறைக்குது. யார் எழுதினது?"

"நான்தான் சார். ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினேன்" என்றார் துறைத்தலைவர், கொஞ்சமும் கூசாமல்.

"எல்லாக் கல்லூரிக்கும் இதையே மாதிரியா அனுப்பப் போறோம்." அனுமதி முத்திரை விழுந்தது.

கார் கிளம்பிப் போனதும் துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு யாராவது விளக்கம் கேட்டா நான்தானே சொல்லணும்? உண்மையைச் சொல்லு, எங்கிருந்து எடுத்தே?"

"நம்ம காலேஜ்லேர்ந்துதான் சார். போன வருஷம் நான் இருந்த கோர்ஸோட நோக்கம். தெளிவா இல்லைன்னு இதே மூணு பேர்தான் வந்து மூடிட்டுப் போனாங்க."

"எந்தக் கோர்ஸ்?"

"கோழிப்பண்ணை, சார். 'முட்டைகளை'ன்னு இருந்ததை மட்டும் 'தரவுகளை'ன்னு மாத்தினேன்."