எண்பத்தேழாம் பக்கம்

அந்த நாவலின் எண்பத்தேழாம் பக்கத்தில், அண்ணனைக் கொன்றதற்காக ஊர் துரத்திவிட்ட செல்லையன் மழையில் நின்றுகொண்டிருப்பான். பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் “சாப்பிட்டியா?” என்று எழுதியிருந்தார்கள். கிளை நூலகர் அமலி ரப்பரால் அழித்தாள். அடுத்த மாதம் வேறு வேறு கையெழுத்துகள். “குளிருதா?” “உன்மேல தப்பில்ல.” “எங்க வீட்டுக்கு வா.”

கடைசியாக எழுதியவர் ஓய்வுபெற்ற தாசில்தார் சிங்காரம். புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது அமலி கேட்டேவிட்டாள். “கொலைகாரனைப் போய் வீட்டுக்குக் கூப்பிடுறீங்களே சார்?”

“புத்தகத்துக்குள்ளதானேம்மா இருக்கான்” என்றார். கண் கலங்கியிருந்தது. “நேர்ல வந்தா வாசல்லயே விரட்டிட மாட்டேனா?”

அன்று மாலை அழிக்க உட்கார்ந்தவள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு ரப்பரை வைத்துவிட்டு, “இங்க வா தம்பி” என்று எழுதி, கீழே தன் வீட்டு முகவரியையும் எழுதினாள்.

நூலகத்துக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை மதியம், நல்ல மழையில் அவள் வீட்டு அழைப்புமணி அடித்தது. கதவுத் துளை வழியே பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன். எதையும் விற்க வந்தவன்போல் இல்லை. அமலி மூச்சை அடக்கிக்கொண்டு, வீட்டில் ஆளில்லை என்று அவன் நினைக்கட்டுமென்று ஃபேனை நிறுத்தினாள். மணி மறுபடி அடிக்கவில்லை.

மறுநாள், அவள் எழுதியபின் யாரும் எடுத்துப்போகாத அந்த நாவலை அலமாரியிலிருந்து எடுத்தாள். எண்பத்தேழாம் பக்கம் ஈரமாக இருந்தது. அவள் முகவரிக்குக் கீழே புதிய கையெழுத்து.

“வந்தேன்க்கா. ஃபேன் நின்னது கேட்டுச்சு.”