சலசலவின் பாதி

ஒரு கணினிக்குள் சல்லடை என்றொரு சின்ன நிரல் இருந்தது. எழுத்து வரிசையில் ஒரே மாதிரி அடுத்தடுத்து வருவதைக் கண்டுபிடித்து, ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவது அதன் வேலை. எடுத்த வேலையைப் பாதியில் விடாது.

அன்று ஒரு கதையைச் சலித்துக்கொண்டிருந்தபோது, ஓடையைப் பற்றிய வரியில் சலசல அகப்பட்டுக்கொண்டது.

"ஒரு சல அசல், ஒரு சல நகல். நகலே, வெளியே வா" என்றது சல்லடை.

"அண்ணே, எங்களில் யார் நகல் என்று எங்களுக்கே தெரியாது. பாதியை எடுத்தால் மீதிக்கும் உயிர் இருக்காது."

"மாட்டிக்கொண்ட எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். திரும்பத் திரும்ப வருவதை வெட்டு என்பது எனக்கு இட்ட கட்டளை."

"திரும்பத் திரும்பவா?" சலசல சிரித்தது. "முதலில் அதில் ஒன்றை வெட்டுங்களேன்."

சல்லடை திடுக்கிட்டது. தன் கட்டளையை முதன்முறையாக எழுத்துக்கூட்டிப் படித்தது.

"நடுவில் ஒரு 'த்' நிற்கிறதே. அது வேறு" என்று இழுத்தது.

"அந்த 'த்'தை எனக்கும் இரவல் கொடுங்கள், பிழைத்துப்போகிறேன்."

 சல்லடைக்குக் கோபம் வந்தது. வெட்டிவிட்டது.

ஓடை 'சல' என்றது. அதற்குமேல் ஓடவில்லை. சல்லடை காத்திருந்து பார்த்தது. பிறகு வெட்டிய பாதியைத் தேடி எடுத்துவந்து ஒட்டியது. ஓடை மறுபடி ஓடியது.

சல்லடை அங்கே நிற்கவில்லை. ஏற்கெனவே சலித்து முடித்த முதல் பக்கத்துக்கு விறுவிறுவென்று திரும்பிப் போனது. அங்கே ஒரு 'கல' சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.