மூன்றாவது பெட்டி

"மேக லிவ்வே கவுத?"

இதை யார் எழுதியது என்று சிங்களத்தில் கேட்டார் வாசலில் நின்ற பொலிஸ்காரர். தமிழர் வீடுகளில் இருப்பவர்களைப் பொலிஸில் பதியும் படிவத்தின் கடைசி வரியில் அவருடைய விரல் நின்றது.

நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரர் பாதிப்பேர், சிங்களத்தில் படிவம் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள்.

கடைசி வரி என் தம்பி கோபிகன். சண்டையில் பாதை பூட்டியதால், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து ஐந்து மாதம். லண்டன் விசா வந்தால் போவான். வராவிட்டால் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது.

கொழும்பில் தங்கும் காரணம், காலம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எல்லாரும் எழுதுவது ஒன்றுதான்: களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்தியம், ஒரு மாதம். படிவங்களை நம்பினால் எங்கள் ஒழுங்கையில் சுகமாயிருப்பவர் ஒருவருமில்லை.

அம்மாவும் அதையே எழுதச் சொன்னா. நான் எழுதவில்லை. எனக்குப் படிப்புக் கூடிப்போயிருந்தது.

கம்பஸில் என் வேலை விண்மீன் மண்டலங்களின் படங்களைத் தரம் பிரிப்பது. ஒரே கொத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் தொள்ளாயிரம் மண்டலங்கள். ஒவ்வொன்றும் சுருளா, நீள்வட்டமா என்று நான் குறித்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து, மிச்சத்தைத் தானே பிரிக்கக் கொம்பியூட்டர் பழகும். மங்கலானவற்றுக்கு மூன்றாவதாக ஒரு பெட்டி உண்டு, அதன் பெயர்: நிச்சயமில்லை.

தெரியாததைத் தெரிந்ததாகக் குறித்தால் மெஷின் பொய்யைத்தான் படிக்கும் என்பார் பேராசிரியர். மூன்றாவது பெட்டியை நான் தாராளமாகப் பாவிக்கிறேன் என்று போன மாதம் எல்லார் முன்னாலும் மெச்சினார்.

அந்தப் பழக்கத்தில் தம்பியின் கட்டத்திலும் எழுதினேன். நிச்சயமில்லை.

பொலிஸ்காரர் அதைச் சத்தமாக வாசித்தார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. காரணம் காட்ட முடியாதவர்களை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போக, ஒழுங்கை முனையில் பஸ் நின்றது. அவரிடம் இருந்தவை இரண்டே பெட்டிகள்.

அம்மா தமிழில் கெஞ்சினா. நான் சிங்களத்தில் கெஞ்சினேன். வைத்தியம்தான், எழுத மறந்துவிட்டேன் என்றேன்.

இவ்வளவு வடிவான எழுத்து, மறதிக்காரியின் எழுத்துப்போல இல்லையே என்று அவர் சிரித்தார்.

கோபிகன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தான்.

படிவத்தை மடிக்குமுன் பொலிஸ்காரர் மேலேயிருந்து ஒருதரம் சத்தமாக வாசித்தார். முதல் வரி என்னுடையது. என் பெயர். தொழில், மாணவி. வதிவு, நிரந்தரம்.

கோபிகனுக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. 'நிரந்தரம்' என்ற சொல் விளங்குமளவுக்குத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தான்.

"நான் போட்டு வாறன் அக்கா," என்றான்.

அவன் வந்த ஊரிலிருந்துதான் நானும் வந்தேன். நாலு வருஷத்துக்கு முன், பாதை திறந்திருந்தபோது. இந்த வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆவணியோடு முடிகிறது. அதற்குப் பிறகு எங்கே என்று எனக்கும் தெரியாது.

முதல் வரியை நிரப்பும்போது என் பேனை ஒரு நொடியும் தயங்கவில்லை.