கால் அங்குலம்

"உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும் பெரியவரே, ஃப்ளைட்டே நின்னுடும்!"

சொன்னது டெய்லரம்மா. வாங்கிக் கட்டிக்கொண்ட பெரியவர், பாதுகாப்புச் சோதனை வாசலில் மூன்றாவது தடவையாக 'பீப்' அடித்துவிட்டு அசடு வழிய நின்றார்.

விடியற்காலை மூடுபனியில் விமான நிலையமே தாறுமாறாகிக் கிடந்தது. டெய்லரம்மா வந்த முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அடுத்து அவள் பிடிக்க வேண்டியது பன்னிரண்டு பத்து விமானம். அதை விட்டால் நாளைக்குத்தான். நடுவில் அனுமார் வால் மாதிரி இந்த வரிசை.

கைப்பேசி அடித்தது. தங்கை.

"அக்கா, எங்கேக்கா இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன்டி. நாலு மணிக்குள்ள உன் பக்கத்துல நிப்பேன்."

"நீ வராம நான் ஆபரேஷனுக்கு உள்ளே போக மாட்டேன். டாக்டர் என்ன சொன்னாலும் சரி."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே. இன்னிக்கு விட்டா அப்புறம்..." வரிசையை எட்டிப் பார்த்தாள். "வந்துடறேன்டி கண்ணு."

தாய் இல்லாத வீட்டில் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை அவள். பிடிவாதமும் அக்கா கொடுத்த செல்லம்தான்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். பிறகு சோதனை செய்யும் காவலரிடம் சொன்னார். "முட்டியில கம்பி வெச்சிருக்கு தம்பி. முப்பது வருஷம் விமானத்துல பெட்டி ஏத்தி இறக்கின முட்டி."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று வெடித்தாள் டெய்லரம்மா.

"மறந்துட்டேம்மா, மன்னிச்சுக்குங்க. நீங்களும் பன்னிரண்டு பத்துதானா?"

"ஆமா! உங்க புண்ணியத்துல அதுக்கு டாட்டா காட்டப் போறேன்!"

பெரியவரைத் தடவிப் பார்த்து அனுப்பினார்கள். டெய்லரம்மா ஒரு சத்தமும் இல்லாமல் வாசலைத் தாண்டினாள். 'பார்த்தீங்களா, இப்படித்தான் வரணும்' என்பது மாதிரி ஒரு நடை.

"இந்தக் கைப்பை யாரோடது?"

"என்னோடதுதான்."

"உள்ளே கத்தரிக்கோல் இருக்கே."

தலையில் அடித்துக்கொண்டாள். நூல் வெட்டும் கத்தரி. இருபது வருஷமாக அந்தப் பையிலேயே குடியிருப்பது; காலையில் ஏறிய ஊரில் எப்படியோ சோதனைக்குத் தப்பி வந்திருக்கிறது. தங்கையின் ஸ்கேன் காகிதம், மாற்றுத் துணி என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தவளுக்கு அது மட்டும் கண்ணில் படவே இல்லை.

"நீங்களே வெச்சுக்குங்க சார். பையை மட்டும் குடுங்க."

"அப்படி முடியாதும்மா. முழுசாப் பிரிச்சுப் பார்த்து, மறுபடி மெஷின்ல விடணும். உங்களுக்கு முன்னாடி நாலு பை இருக்கு."

"இதையெல்லாமா விமானத்துல தூக்கிட்டு வருவாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டெய்லரம்மா திரும்பாமல் தன் பையையே பார்த்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நொண்டி நொண்டி நடையைக் கட்டினார்.

பை கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருபது. எல்லாம் போச்சு என்று தெரிந்தும் ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள்.

விமானம் போகவில்லை. கதவுகூட மூடவில்லை.

கதவுக்கு முன்னால், தரையில், அதே பெரியவர். பையைக் கொட்டிக் கவிழ்த்திருந்தார். சட்டை, துண்டு, சீப்பு என்று கடை பரப்பியிருந்தது. பக்கத்தில் விமானக் கம்பெனிப் பெண் அழாத குறையாக நின்றாள்.

"ஐயா, ரொம்ப நேரமாச்சு. தயவுசெஞ்சு நீங்களும் ஏறுங்க!"

"மாத்திரை டப்பா இல்லாம எப்படிம்மா ஏறுவேன்? இதுலதான் வெச்சேன்."

"அப்புறம் விட்டுட்டுக் கிளம்பிடுவோம்."

"கிளம்புங்கம்மா. என் பெட்டி உள்ளே ஏறியிருக்கு, அதை மட்டும் தேடி இறக்கிக் குடுத்துடுங்க."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆள் ஏறாமல் பெட்டி பறக்கக் கூடாது; அது சட்டம். அத்தனை பெட்டிக்கு நடுவே அவருடையதைத் தேடி இறக்க முக்கால் மணி நேரமாகும்.

டெய்லரம்மா மூச்சிரைக்க போர்டிங் பாஸை நீட்டினாள். "நல்லவேளை வந்தீங்க. ஓடுங்க!" என்றாள் அந்தப் பெண்.

ஓட மனசு வரவில்லை. வயசான மனுஷர், கம்பி வைத்த முட்டியோடு தரையில் கிடந்து மாத்திரை தேடுகிறார். அவரையா அப்படி நாக்கு கூசாமல் பேசினோம் என்று இருந்தது. குனிந்து துணிகளை அள்ளிப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பெரியவருடைய கோட்டின் இடது பக்கம், வலது பக்கத்தைவிடக் கால் அங்குலம் இறங்கியிருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது, தையல் மெஷினோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியும். உள் பாக்கெட்டில் ஏதோ கனம். உரிமையோடு தட்டிப் பார்த்தாள். கடகடவென்று சத்தம் கேட்டது.

"ஐயா! டப்பா இங்கேயே..."

பெரியவர் உதட்டில் விரலை வைத்தார். அந்தப் பெண் கதவுப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"கொஞ்சம் கையைக் குடுங்கம்மா, எழுந்துக்கறேன்" என்றார். எழுந்து நின்று, அவள் காதருகே சொன்னார்:

"நீங்கதானேம்மா சொன்னீங்க? என்னை மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும், ஃப்ளைட்டே நின்னுடும்னு!"